ஷட்டர் பட்டி மாற்றுகிறீர்களா? ஸ்பிரிங்கிடம் உஷார்!

புனேயில் பொழுது விடிந்ததைச் சொல்வது கடை ஷட்டர்களின் சத்தம்தான். லட்சுமி ரோடு துணிக்கடையானாலும் சரி, மகாத்மா புலே மார்க்கெட் பக்கத்து மளிகைக் கடையானாலும் சரி, போசரி தொழிற்பேட்டைப் பட்டறையானாலும் சரி, காலையில் ஷட்டரைத் தூக்குகிறவர் முதலாளி அல்ல, வேலையாள். அது மக்கர் செய்தால் ஏணி மேல் ஏறச் சொல்வதும் அவரைத்தான். கடைகளிலும் கிடங்குகளிலும் பணிபுரியும் நம்மவர்கள் இதில் சில விஷயங்களைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

பின்னால் வந்த டெம்போ இடித்தால் பட்டி நசுங்கும். மழைக்காலத்தில் தெருத்தண்ணீர் தேங்கினால் அடிப்பட்டிகள் துருப்பிடிக்கும். நசுங்கிய பட்டி கைடு சேனலில் சிக்கிக்கொள்ளும். "நாலு பேர் சேர்ந்து தூக்குங்கப்பா" என்று அன்றைய பொழுதை ஓட்டிவிடுவார்கள். மறுநாளும் அதே கதைதான்.

இரண்டு துயரங்கள்

திறக்காத ஷட்டர் என்ன செய்யும் என்பதைப் புனே பார்த்திருக்கிறது. 2016 டிசம்பர் இறுதியில் கோண்ட்வாவில் ஒரு பேக்கரியில் தீப்பிடித்து, உள்ளே தூங்கிய 6 தொழிலாளர்கள் மாண்டனர். 2019 மே மாதம் ஊருளி தேவாச்சியில் ஒரு துணிக்கிடங்குத் தீயில் 5 தொழிலாளர்கள் பலியானார்கள். இரண்டு இடத்திலும் வெளியே பூட்டியிருந்ததால் அவர்களால் தப்ப முடியவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. அங்கே வழியை அடைத்தது பூட்டு. ஆனால் தீ பரவும் நேரத்தில், சிக்கிக்கொண்ட ஷட்டரும் ஒரு பூட்டுத்தான். ஆட்கள் தூங்கும் கடையில் பட்டி நசுங்கினால் அதை நாளைக்கு என்று தள்ளிப்போடக் கூடாது.

மேலே பாயும், கீழே விழும்

சரி, உடனே மாற்றிவிடலாம் என்று ஸ்பானரை எடுப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 10 அடிக்கு 10 அடி ஷட்டரில் 0.9 மில்லிமீட்டர் தகடு என்றால், வளைவுகளைச் சேர்க்காமலே எடை சுமார் 65 கிலோ. இதை ஒரு ஆள் தூக்க முடிகிறதென்றால், மேலே உருளைக்குள் இருக்கும் ஸ்பிரிங்தான் பாரத்தைத் தாங்குகிறது என்று அர்த்தம். ஷட்டரை இறக்க இறக்க ஸ்பிரிங் முறுக்கேறும். முழுவதும் இறங்கி நிற்கும்போது முறுக்கு உச்சத்தில் இருக்கும்.

நடுவில் ஒரு பட்டியை உருவிய கணத்திலேயே ஷட்டர் இரண்டு துண்டாகிவிடுகிறது. மேல் துண்டை ஸ்பிரிங் இழுக்கும். பாரம் குறைந்ததால் அது மேலே பாயும். கீழ்த் துண்டைத் தாங்க யாரும் இல்லை. அது கீழே விழும். விழும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். மேலே பாயும் என்று நினைப்பவர்கள் குறைவு. விரல் போவது பெரும்பாலும் நினைக்காத திசையில்தான்.

ஆகையால் பூட்டும் இரண்டு போட வேண்டும். உருளை சுழலாதபடி சங்கிலியால் பிராக்கெட்டோடு இறுக்கிக் கட்டுவது ஒன்று. கீழ்த் துண்டு நழுவாதபடி இருபுறக் கைடிலும் சி-கிளாம்ப் போட்டு, அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுப்பது மற்றொன்று. இரண்டும் சரியாக நின்ற பிறகே பட்டி முனையில் உள்ள பூட்டுத் துண்டுகளின் ரிவெட்டில் கை வைக்கலாம். பட்டி பக்கவாட்டில்தான் உருவும். கைடு சுவரில் பதிந்திருந்தால், நசுங்கிய பட்டியைக் கைடின் தலைக்கு மேலே கொண்டுவந்து உருவ வேண்டியிருக்கும். அது ஏணி மேல் செய்யும் வேலை. ஏணியைப் பிடிக்க ஒருவர், தெருவில் ஆள் வராமல் பார்க்க ஒருவர் என்று குறைந்தது மூன்று பேர் தேவை.

மோட்டார் ஷட்டராக இருந்தால் மெயினை அணைத்து, ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அறுத்த தகட்டின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

மாதிரித் துண்டு முக்கியம்

புதுப் பட்டி வாங்கப் போகும்போது பழைய பட்டியில் ஒரு துண்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும். வளைவு ஒத்துப்போகாவிட்டால் கொக்கி மாட்டாது. கனமும் ஒன்றாக இருக்க வேண்டும். "கெட்டியாக இருக்கட்டும்" என்று 0.9 மில்லிமீட்டருக்குப் பதில் 1.25 மில்லிமீட்டர் பட்டியை நிறையப் போட்டால் பாரம் கூடும். பழைய ஸ்பிரிங் தாங்காது. உலோக ஷட்டர்களுக்கு ஐ.எஸ். 6248 என்ற இந்தியத் தர விதி உண்டு. புது ஷட்டர் வாங்கும்போது அதைக் குறிப்பிட்டுக் கேட்கலாம்.

வேலை முடிந்ததும் மூன்று நான்கு முறை மெதுவாக ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகே பூட்ட வேண்டும். பாதியில் விட்டால் ஷட்டர் அங்கேயே நின்றால் எடை சரியாக இருக்கிறது. சரசரவென்று இறங்கினாலோ, கையை விட்டு மேலே ஓடினாலோ ஸ்பிரிங்கைக் கவனிக்க வேண்டும். அதைக் கவனிப்பது ஷட்டர் மெக்கானிக்கின் வேலை. உருளையின் தண்டைப் பிராக்கெட்டோடு பிடித்திருக்கும் கிளாம்ப்பை மற்றவர்கள் எக்காரணம் கொண்டும் தளர்த்தக் கூடாது. தளர்த்தினால் அத்தனை முறுக்கும் கையில் பிடித்த ரிஞ்சு வழியாகத் திரும்பும்.

மெக்கானிக் மராத்திக்காரராக இருந்தால் இரண்டு சொற்களைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. "ஹளூ" என்றால் மெதுவாக. "தாம்பா" என்றால் நில்லுங்கள். ஏணியைப் பிடித்திருப்பவருக்கு அவை காதில் விழுந்த நொடியே புரிய வேண்டும்.

"நீயே ஏறிப் பாரேன், எதற்கு மெக்கானிக்குக் கூலி?" என்று முதலாளி சொன்னால், "சேட், ஸ்பிரிங் வேலை எனக்குத் தெரியாது, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்" என்று பணிவாகச் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்புவது அந்தக் கைதான்.