'வித்' ஒரு காலத்தில் எதிரி! தெரியுமா?

'வித்' என்றால் 'உடன்' என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்? ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் அதற்கு 'எதிராக' என்று பொருள்! 'உடன்' என்று சொல்ல அப்போது 'மிட்' என்று வேறொரு சொல் இருந்தது. ஜெர்மன்காரர்கள் இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆங்கிலத்திலோ 'வித்' மெல்ல மெல்ல அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. 'மிட்' போய் ஒளிந்துகொண்ட இடம் 'மிட்வைஃப்'. பிரசவத்தில் பெண்ணுடன் இருப்பவள்! பழைய பகையோ 'வித்ஸ்டாண்ட்' என்ற சொல்லிலும் 'ஃபைட் வித்' என்ற தொடரிலும் இன்னும் உயிரோடு இருக்கிறது. 'ஹி ஃபாட் வித் த ஃப்ரெஞ்ச்' என்றால் பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்தானா, அவர்கள் பக்கம் நின்றானா? இரண்டும் சரி! நம் 'அவனோடு சண்டை போட்டேன்' மட்டும் என்ன வாழுதாம்?

ஒரு 'எஃப்' உள்ள 'ஆஃப்', இரண்டு 'எஃப்' உள்ள 'ஆஃப்' இரண்டும் முன்பு ஒரே சொல் என்பது தெரியுமா? அழுத்திச் சொன்னது ஒன்றாகவும் மெதுவாகச் சொன்னது இன்னொன்றாகவும் பிரிந்துவிட்டன. 'அலைவ்', 'அஸ்லீப்' இரண்டின் தலையிலும் உள்ள 'அ' தேய்ந்துபோன 'ஆன்'தான்!

தேர்வில் நம்மைக் கவிழ்க்கும் 'சீனியர் தேன் மீ'க்கு வருவோம். அது தப்பு, 'சீனியர் டு மீ'தான் சரி. ஏன்? சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் எல்லாம் லத்தீனிலிருந்து வந்தவை. 'அதைவிட' என்ற ஒப்பீட்டை வயிற்றிலேயே சுமந்து வந்தவை. 'தேன்' இவற்றோடு ஒட்டாது. 'ப்ரிஃபர்' இதே லத்தீன் வம்சம்: 'ஐ ப்ரிஃபர் டீ டு காஃபி'.

பந்தை 'த்ரோ டு ஹிம்' என்றால் அவன் பிடிக்கட்டும் என்று எறிவது. 'த்ரோ அட் ஹிம்' என்றால் மண்டையைப் பார்த்து! பஸ்ஸுக்கு 'ஆன்', காருக்கு 'இன்'. ஆட்டோவுக்கு? 'இன்'தான். எழுந்து நடக்க இடமிருந்தால் 'ஆன்', குனிந்து நுழைந்து உட்கார்ந்தால் 'இன்' என்று வைத்துக்கொள்ளலாம். குதிரையும் சைக்கிளும் இந்தக் கணக்கில் வராது. மேலே ஏறி உட்காருவதால் அவற்றுக்கும் 'ஆன்'.

சரி, வாக்கியத்தை ப்ரிபொசிஷனில் ('வித்', 'ஆஃப்', 'டு' மாதிரிச் சொல்லில்) முடிக்கக் கூடாது என்று அடித்துச் சொன்னார்களே, அந்த விதி எங்கிருந்து வந்தது தெரியுமா? 1672-இல் ஜான் டிரைடன் என்ற கவிஞர், தமக்கு முந்திய நாடகாசிரியர் பென் ஜான்சனை இதற்காகக் குறை சொன்னார். வேடிக்கை என்னவென்றால், 1668-இல் வெளியான தம் கட்டுரையிலும் அதே பழக்கம் இருந்தது! 1684-இல் மறுபதிப்பு வந்தபோது அத்தகைய வாக்கியங்களைத் திருத்தி எழுதினார். 1762-இல் ராபர்ட் லௌத் என்ற பாதிரியார் தம் இலக்கண நூலில் இதைப் பேசவந்து, இந்தப் பழக்கத்தை நோக்கி ஆங்கிலத்துக்கு நல்ல சாய்வு உண்டு என்று எழுதினார். அப்படிச் சொன்ன அந்தத் தொடர் முடிந்ததே 'டு'வில்! 1926-இல் ஃபவுலர் என்ற ஆங்கில மொழி வல்லுநர் இந்த விதியை மூடநம்பிக்கை என்றே எழுதிவிட்டார். நானும் அதே கட்சிதான்.

'டிஃபரண்ட்'டுக்குப் பின் பிரிட்டனில் 'டு' போடுகிறவர்கள் உண்டு, அமெரிக்காவில் 'தேன்' போடுகிறவர்கள் உண்டு. நீங்கள் 'ஃப்ரம்' போடுங்கள். எந்த நாட்டிலும் யாரும் மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டார்கள்.

கடைசியாக நம் வீட்டுச் சரக்கு: 'டிஸ்கஸ் அபௌட்'. 'அதைப் பற்றிப் பேசினோம்' என்று தமிழில் நினைப்பதால், அந்தப் 'பற்றி'யைத் தூக்கிக்கொண்டுபோய் ஆங்கிலத்திலும் வைக்கிறோம். 'டிஸ்கஸ்' என்ற வினைக்குள்ளேயே அது அடக்கம். 'சின்ஸ் டூ இயர்ஸ்' கதையும் இப்படித்தான். கால அளவுக்கு 'ஃபார்', தொடங்கிய நாளுக்குத்தான் 'சின்ஸ்'. தேர்வுத் தாளில் 'டிஸ்கஸ்' பக்கத்தில் 'அபௌட்' தென்பட்டால் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடுங்கள். 'டிஸ்கஷன்' பக்கத்தில் இருந்தால் மட்டும் கை வைக்காதீர்கள். அது பெயர்ச்சொல், அங்கே 'அபௌட்' சரி!