சதையியில் கட்டி என்று கேட்டதும்

கணையம் எனவும் வழங்கும் சதையியில் புற்றுநோய் என்றதுமே வீட்டார் நம்பிக்கை இழந்து விடுகின்றனர். அச்சம் காரணமற்றதன்று. அங்கு தோன்றும் புற்றுநோய்களுட் பெரும்பாலானவை கொடியவையே. ஆயினும் யாவும் ஒன்றல்ல.

சதையியினுள் இன்சுலின் முதலிய ஓமோன்களைச் சுரக்கும் சிறு கலத் திட்டுகள் உள. லங்கர்ஹான்ஸ் என்ற ஜேர்மனிய மாணவர் 1869இல் இவற்றை விவரித்தார். இவ்வகைக் கலங்களில் அரிதாக எழும் கட்டியை நியூரோ என்டோகிரைன் கட்டி என்பர். பெரும்பாலும் இது மெதுவாகவே வளரும்.

சில கட்டிகள் இன்சுலினை மிகையாகச் சுரக்கும். அப்போது பசித்த வேளையில் வியர்வை, நடுக்கம், மதிமயக்கம் உண்டாகும். சீனி உண்டால் தெளியும். வலிப்பென்றும் மனநோயென்றும் பிழையாகக் கொண்டு ஆண்டுகள் கழிவதுமுண்டு. இதனை உறுதிசெய்ய, வைத்தியசாலையில் 72 மணி நேரம் வரை உணவின்றி வைத்துக் குருதியைச் சோதிப்பர். (இது தவக்கால நோன்பன்று, வீட்டில் முயலவே கூடாது.) ஓமோன் சுரக்காத கட்டிகளோ வேறெதற்கோ எடுத்த ஸ்கானில் தற்செயலாகத் தென்படுவதுண்டு.

அப்பிள் நிறுவனர் ஸ்டீவ் ஜொப்ஸுக்கு அவ்வாறே 2003 ஒக்டோபரில் தெரியவந்தது. வைத்தியர் சத்திரசிகிச்சை செய்யச் சொன்னார்கள். அவரோ உணவுக் கட்டுப்பாட்டையும் மாற்று வைத்தியத்தையும் நாடி, ஒன்பது மாதங்களின் பின், 2004 யூலையிலேயே இணங்கினார். 2009இல் ஈரல் மாற்றம் செய்யப்பட்டது. 2011 ஒக்டோபர் 5இல் இறந்தார். அத்தாமதமே அவர் ஆயுளைக் குறைத்தது என அறுதியிட்டுக் கூற இயலாது. எனினும் அகற்றக்கூடிய கட்டியை வைத்துக்கொண்டு காத்திருந்தது விவேகமென்று எனக்குத் தோன்றவில்லை. ஓமோன் சுரக்காத மிகச் சிறிய கட்டியை அகற்றாது கண்காணிப்பதுமுண்டு. அது வைத்தியரின் தீர்ப்பு, நமதன்று.

பரவிவிட்டாலும் வழியுண்டு. ஒக்ரியோரைட் போன்ற மாதாந்த ஊசிகள், எவரோலிமஸ் மாத்திரை, லுற்றீசியம் என்னும் கதிர்வீச்சு மருந்து ஆகியன நோயைப் பல்லாண்டு கட்டுப்படுத்துவதுண்டு.

ஆகவே, இழையப் பரிசோதனை அறிக்கையில் கட்டியின் முழுப்பெயர் யாது, கலங்கள் எவ்வளவு விரைவாகப் பெருகுகின்றன என்று கேளுங்கள். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய நிதியில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை நம் தெல்லிப்பழையிலேயே உண்டு. அங்கே கேட்கத் தயங்காதீர்கள்.

இன்னொன்று. ‘அவஸ்தைபூசுதல்’ என்ற பழம்பெயரின் அச்சத்தால் குருவை இறுதி மூச்சு வேளையிலேயே அழைக்கிறோம். ‘நோயிற்பூசுதல்’ என்பதே பொருத்தமான பெயரென 1963இலேயே பொதுச்சங்கம் கூறிவிட்டது. சத்திரசிகிச்சைக்கு முன்னரே, நோயாளி நினைவோடு செபிக்கக்கூடிய வேளையில், பங்குக் குருவுக்குச் சொல்லியனுப்புங்கள்.