மேட்டூர் திறப்பு தள்ளிப்போனால் உலகத்துக்கு என்ன கவலை? எளிய விளக்கம்

திருச்சி முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. ஸ்ரீரங்கத்துக்குத் தெற்கே ஓடும் காவிரி, டெல்டா வயல்களுக்குப் போகிறது. வடக்கே ஓடும் கொள்ளிடம், மிஞ்சும் வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுபோகிறது. பருவநிலை மாற்றம் நம்ம சாப்பாட்டுத் தட்டை எப்படித் தொடும்னு தெரிஞ்சுக்க, இந்த இரண்டு ஆறுகளைப் பார்த்தாலே போதும்.

என்ன நடந்தது?

குறுவைக்காக மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. நீர் இருந்தால் ஜனவரி 28 வரை பாசனம் நடக்கும். 2023-ல் சரியாக ஜூன் 12-ல் திறந்தார்கள். ஆனால் நீர்வரத்து குறைந்ததால் அக்டோபரிலேயே பாசன நீர் நிறுத்தப்பட்டது. பல இடங்களில் குறுவை கருகியது.

2024-ல் கதையே வேற. போதிய நீர் இல்லாததால் ஜூலை 28-ல்தான் அணை திறக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில் அணை நிரம்பி, உபரி வெள்ளம் கொள்ளிடத்தில் பாய்ந்தது. நடவு நேரத்தில் தண்ணீர் இல்லை. வந்தபோது தேக்க இடமில்லை.

இதில் உலகத்துக்கு என்ன?

உலக அரிசி வர்த்தகத்தில் சுமார் 40% இந்தியாவுடையது. 2023 ஜூலையில், உள்நாட்டு விலையைக் கட்டுப்படுத்த, பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை போட்டது. சர்வதேச அரிசி விலை 15 ஆண்டு உச்சத்தைத் தொட்டது. அமெரிக்காவில் இந்தியக் கடைகளில் மூட்டை மூட்டையாக அரிசி வாங்கினார்கள். 2024 செப்டம்பரில்தான் தடை விலகியது.

அந்தத் தடைக்குக் காவிரி காரணமில்லை. ஆனால் பல ஆற்றுப் படுகைகளில் ஒரே ஆண்டில் மழை தவறினால், அரிசியை இறக்குமதி செய்து சாப்பிடும் ஏழை நாடுகள்தான் முதலில் அடிவாங்கும்.

என்ன வழி இருக்கு?

* ரகம்: சி.ஆர். 1009 சப் 1 நெல், சுமார் இரண்டு வாரம் நீரில் மூழ்கினாலும் தாக்குப்பிடிக்கும். திருச்சி அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரியில் உருவான திருச்சி 3 ரகம், களர் நிலத்திலும் விளையும்.
* பாசனம்: வயலில் எப்போதும் நீர் நிற்க வேண்டியதில்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் நீர் மிச்சமாகும்.
* விதைப்பு: நேரடி விதைப்பில் நாற்றங்காலுக்கான நீர் தேவைப்படாது.

ஆனா ஒண்ணு, தண்ணீரே வராத ஜூனில் எந்த ரகமும் கைகொடுக்காது. கொள்ளிடத்தில் வெள்ளம் போகும் அந்தச் சில நாட்களில் ஏரி, குளங்களில் எவ்வளவு பிடித்து வைக்கிறோம் என்பதுதான் அடுத்த போகத்தைத் தீர்மானிக்கும்.