மூச்சு வாங்கவைத்த ஸ்ட்ராஸ்பர்க்!

"டாக்டர், பையன் ஐரோப்பாவுல இருக்கான். டிசம்பர்ல வரச் சொல்றான். எனக்கு இரைப்பு உண்டு. போகலாமா?"

இப்படிக் கேட்டுக்கொண்டு என் வைத்தியசாலைக்கு வருகிற பெரியவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். "பேஷா போயிட்டு வாங்க, ஆனா..." என்று நான் ஆரம்பித்தால், அந்த 'ஆனா'வுக்குப் பிறகு அரை மணி நேரம் ஓடிவிடும். அதை உங்களுக்கும் சொல்லிவிடலாம் என்றுதான் இந்தக் கட்டுரை. ஏனென்றால், அந்த 'ஆனா'வை நான் எந்தச் சுவடியிலும் படிக்கவில்லை. பாளையங்கோட்டைக் கல்லூரியிலும் படிக்கவில்லை. சென்ற டிசம்பரில் பிரான்ஸ் நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில், நட்ட நடு வீதியில், என் மனைவியிடம் படித்தேன்!

எங்கள் மகளும் மருமகனும் ஜெர்மனியில் ஃபிராங்ஃபர்ட் நகரில் வேலை பார்க்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போன இடத்தில்தான் மகள் இந்தத் திட்டத்தைப் போட்டாள். "கல்யாணமாகி 28 வருஷம் ஆச்சு. நீங்க ரெண்டு பேர் மட்டும் எங்கேயாவது போயிருக்கீங்களாப்பா?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். குற்றாலத்துக்குப் போனாலும் நாலு உறவுக்காரர், திருச்செந்தூருக்குப் போனாலும் ஆறு உறவுக்காரர். பதில் சொல்ல முடியவில்லை. ரயில் டிக்கெட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாள். இரண்டு மணி நேரப் பயணம், நான்கு நாள் தங்கல்.

என் மனைவிக்கு ஆறு வருஷமாக இரைப்பு உண்டு. ஊரிலிருந்து கிளம்பும்போதே தாளிசாதி சூரணம், திரிகடுகு, அதிமதுரம் எல்லாம் கட்டி எடுத்துவைத்தேன். ஆடாதோடை நெய்யும் ஒரு புட்டி வைத்தேன். "நெய் பால் பொருள்ப்பா. வெளியிலிருந்து வர்றவங்க ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள பால் பொருள் கொண்டுவரக் கூடாது" என்று மகள் போனில் சொன்னதால் அதை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டேன். 'ஆறு வருஷமா நம்ம கை மருந்துலேயே அடங்கியிருக்கு' என்று எனக்குள் ஒரு பெருமை. அந்தப் பெருமையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

சூரியனுக்கே சோம்பல்!

மார்கழியும் தையும் முன்பனிக் காலம் என்று நாம் படிக்கிறோம். அந்த ஊரில் முன்பனி என்ன பாடுபடுத்துகிறது என்கிறீர்கள்! டிசம்பர் நடுவில் காலை எட்டேகாலுக்குத்தான் சூரியன் உதிக்கிறது. சாயங்காலம் நாலரைக்கெல்லாம் அஸ்தமனம். பகலிலேயே இரண்டு, மூன்று டிகிரிதான்.

என் மனைவி முதல் நாள் பட்டுப் புடவைமேல் ஒரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பத்து நிமிஷத்தில் "என்னங்க, கால் ரெண்டும் இருக்கா பாருங்க" என்றாள்! திரும்பிப் போய், மகள் கொடுத்தனுப்பிய உடைகளை வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காகப் போட்டுக்கொண்டோம். ஒரே கனமான உடையைவிட இப்படிப் பல அடுக்காகப் போடுவதுதான் நல்லது. இடையில் சிக்கிக்கொள்ளும் காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது.

குளிரில் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கும். அதனால் ரத்த அழுத்தம் கூடும், இருதயத்துக்கு வேலை அதிகமாகும். தாகம் எடுக்காது, ஆனால் சிறுநீர் அதிகம் போகும். அறைக்குள்ளே ஹீட்டர் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தே, வெந்நீர் குடிக்க மறந்து ஊர் சுற்றினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பறங்கி யார்?

ஸ்ட்ராஸ்பர்க்கின் பழைய நகரம் 'இல்' என்ற ஆற்றின் கிளைகளுக்கு நடுவில் ஒரு தீவு மாதிரி இருக்கிறது. 1988-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் ஒரு பகுதிக்குப் பெயர் 'பெத்தீத் ஃபிரான்ஸ்', அதாவது 'குட்டி பிரான்ஸ்'. மரச்சட்டங்கள் வெளியே தெரியும் பழைய வீடுகள், தோல் பதனிட்டவர்கள் வாழ்ந்த தெருக்கள், வாய்க்கால்கள் என்று சித்திரம் போல இருக்கிறது. "எவ்வளவு அழகான பேர்!" என்றாள் என் மனைவி.

அந்தப் பெயர் வந்த கதை தெரிந்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். சுமார் 500 வருஷங்களுக்கு முன் அங்கே சிஃபிலிஸ் என்ற மேகநோய்க்காரர்களுக்கு ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. 1495-ல் பிரெஞ்சுப் படை இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரைப் பிடித்தபோது அந்த நோய் பெரிதாக வெடித்துக் கிளம்பியது. ஜெர்மன் பேசியவர்கள் அதைப் 'பிரெஞ்சு நோய்' என்றார்கள். பிரெஞ்சுக்காரர்களோ 'நேப்பிள்ஸ் நோய்' என்றார்கள்! அப்போது ஸ்ட்ராஸ்பர்க் ஜெர்மன் பேசும் நகரம். 'பிரெஞ்சு நோய்' ஆஸ்பத்திரி இருந்த இடம் 'குட்டி பிரான்ஸ்' ஆகிவிட்டது.

சரி, நம்ம ஊரில் அந்த நோய்க்கு என்ன பெயர்? பறங்கி நோய், பறங்கிப் புண்! 'பறங்கி' என்ற சொல்லும் 'பிரான்ஸ்' என்ற பெயரும் 'ஃபிராங்க்' என்ற ஒரே வேரிலிருந்து வந்தவை. பாருங்கள், எல்லோரும் நோயை அடுத்த வீட்டுக்காரன் தலையில்தான் கட்டியிருக்கிறார்கள்.

அந்த நோய்க்கு நாம் கொடுத்து வந்த பறங்கிப்பட்டையை 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் கொடுத்திருக்கிறார்கள். உடற்கூறு மேதை வெசேலியஸ் 1546-ல் அந்த வேரின் கஷாயத்தைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார். ரச மருந்துகளை நாமும் கொடுத்தோம், அவர்களும் கொடுத்தார்கள். கடைசியில் 1943-ல் பெனிசிலின் வந்துதான் அந்த நோயை அடக்கியது. இன்றைக்கு அந்த நோயோடு என்னிடம் ஒருவர் வந்தால் நானும் பெனிசிலினுக்குத்தான் அனுப்புவேன்.

அங்குள்ள பழைய ஆஸ்பத்திரிக்கு அடியில் 1395-ல் தொடங்கிய ஒரு திராட்சை மது நிலவறை இருக்கிறது. 1472-ஆம் வருஷத்து மது இன்னும் ஒரு பீப்பாயில் இருக்கிறது! ஒரு காலத்தில் நோயாளிகளுக்கு மதுவும் மருந்தாக இருந்ததாம். 'நம்ம அரிஷ்டத்துக்கு அண்ணன்' என்று நினைத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் மனைவிக்கு வாய் வலிக்க விளக்கினேன். "மருந்துக்கு ஜாதியும் கிடையாது, நாடும் கிடையாது" என்று வசனம் வேறு பேசினேன். அவள் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் மறுநாள்தான் தெரிந்தது.

கடைவீதியில் நம்ம அஞ்சறைப் பெட்டி

1570-ஆம் வருஷத்திலிருந்து அங்கே கிறிஸ்துமஸ் சந்தை நடக்கிறது. நவம்பர் கடைசியில் ஆரம்பித்துக் கிறிஸ்துமஸ் வரை ஊரே திருவிழா. சின்னச் சின்ன மரக் கடைகள், வீதியெல்லாம் விளக்குத் தோரணம், கிளெபெர் சதுக்கத்தில் மாடி வீட்டைவிட உயரமான கிறிஸ்துமஸ் மரம்.

காற்றில் வந்த வாசனைதான் எங்களை நிறுத்தியது. பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ! சிவப்பு மதுவில் இவற்றைப் போட்டுச் சுடவைத்து விற்கிறார்கள். குடிக்காதவர்களுக்கு ஆப்பிள் சாறில் அதே சரக்குகள். நாங்கள் அதைத்தான் வாங்கினோம். "இது நம்ம சுக்குக் கஷாயத்துக்குச் சித்தி பொண்ணு" என்றாள் மனைவி. தேனும் மசாலாவும் சேர்த்த ரொட்டி, சோம்பு போட்ட பிஸ்கட் எல்லாம் உண்டு. உப்பில் ஊறிப் புளித்த முட்டைக்கோஸ் அந்த ஊரின் பிரதான உணவு. நம்ம நீராகாரம் மாதிரியே அதிலும் புளிக்கவைக்கிற நல்ல கிருமிகள்தான் வேலை செய்கின்றன.

அந்தச் சாயங்காலம்...

மூன்றாம் நாள். இருட்டிவிட்டது. தேவாலயத்தை விளக்கொளியில் பார்க்க வேண்டும் என்று எனக்கு அவசரம். 142 மீட்டர் உயரம். 1647 முதல் 1874 வரை உலகத்திலேயே உயரமான கட்டடம் அதுதான். நான் வேகமாக முன்னால் நடக்கிறேன். 28 வருஷமாக அப்படித்தானே நடக்கிறேன்! அவள் என்னைப் பிடிக்க ஓட்டமும் நடையுமாக வருகிறாள். கடைகளிலிருந்து அடுப்புப் புகை வேறு.

திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். பதறிக்கொண்டு திரும்பி ஓடினேன். ஒரு கடையின் மரத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தோள் ஏறி இறங்குகிறது. 'கீச் கீச்' என்று இழுப்புச் சத்தம். ஒரு வார்த்தை முழுசாகப் பேச முடியவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பையைத் திறந்து தாளிசாதி சூரணத்தைத் தேடினேன். தேன் அறையில் இருக்கிறது. விரலெல்லாம் விறைத்து, டப்பா மூடி திறக்கவில்லை. அதற்குள் அவளே தன் கைப்பையைத் திறந்து ஒரு நீல நிற இன்ஹேலரை எடுத்தாள். குலுக்கினாள், உறிஞ்சினாள், மூச்சை அடக்கினாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. ரொம்பப் பழகிய கை!

பத்து நிமிஷத்தில் இழுப்பு அடங்கியது. பக்கத்தில் ஒரு காபிக் கடைக்குள் உட்காரவைத்தேன்.

"எத்தனை நாளா இது?"

"ரெண்டு வருஷமா. நம்ம ஊர் நெஞ்சு டாக்டர்கிட்டதான் காட்டினேன்."

"என்கிட்ட ஏம்மா சொல்லலை?"

"உங்க மருந்து கேக்கலைன்னா உங்க மனசு கஷ்டப்படுமேங்க. அதான், நீங்க வைத்தியசாலைக்குப் போனப்புறம் போட்டுக்குவேன்."

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஊருக்கெல்லாம் நாடி பார்க்கிறேன். என் பெருமைக்குப் பயந்து, என் வீட்டிலேயே ஒருத்தி இரண்டு வருஷமாக ஒளிந்து ஒளிந்து மூச்சு விட்டிருக்கிறாள். அந்த நீல இன்ஹேலர் அன்று கைப்பையில் இல்லாமல் இருந்திருந்தால்? இப்போது நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது.

நடந்தது இதுதான். மூக்கு வழியாகப் போகும் காற்று சூடாகி, ஈரமாகித்தான் நுரையீரலுக்குப் போகும். வேகமாக நடக்கும்போது வாயால் மூச்சு விடுகிறோம். குளிர்ந்த, வறண்ட காற்று நேராக மூச்சுக்குழாயில் இறங்கி அதன் ஈரத்தை உறிஞ்சுகிறது. இரைப்பு உள்ளவர்களுக்கு உடனே குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகிவிடும். அந்த இறுக்கத்தைச் சில நிமிஷத்தில் தளர்த்துவது சல்பூட்டமால் உள்ள நீல இன்ஹேலர். அந்த வேகத்தில் வேலை செய்கிற சூரணம் என்னிடம் இல்லை. இதைச் சொல்வதால் என் வைத்தியத்துக்கு ஒரு குறைவும் இல்லை.

முக்கால் மணி

மறுநாள் மெதுவாக, பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். சாலையோர மருந்துக் கடைகளில் பச்சை நிறச் சிலுவை விளக்கு எரிகிறது. ஒரு கடையில் நுழைந்தால், இங்கிலீஷ் மாத்திரைகளுக்குப் பக்கத்திலேயே மூலிகைத் தேநீர் வகைகள்! இருமலுக்குத் 'தைம்' என்ற இலையைக் காட்டினார்கள். மோந்து பார்த்தேன். ஓம வாசனை! இரண்டிலும் இருப்பது தைமால் என்ற ஒரே சத்துதான். ஒரே கடையில் இரண்டு வைத்தியமும் சண்டையில்லாமல் இருப்பதைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு தேவாலயத்துக்குள் இருக்கும் பெரிய வானியல் கடிகாரத்தைப் பார்த்தோம். இப்போதுள்ள இயந்திரம் 1843-ல் முடிந்தது. பகல் பன்னிரண்டரைக்கு இயேசுவின் சீடர்கள் வரிசையாக வருகிறார்கள், சேவல் கூவுகிறது. இன்னொரு பக்கம் கால் மணிக்கு ஒரு குழந்தை, அரை மணிக்கு இளைஞன், முக்கால் மணிக்கு நடுவயதுக்காரன், முழு மணிக்குக் கிழவன் என்று எமனுக்கு முன்னால் நடந்து போகிறார்கள்.

"நாம இப்ப எந்த மணியிலங்க இருக்கோம்?" என்றாள்.

"முக்கால் மணி."

"அப்ப இன்னும் கால் மணி இருக்கு. மெதுவாவே நடங்க."

ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அந்த நெஞ்சு டாக்டரிடம் நானே அவளை அழைத்துப் போனேன். ஊதவைத்துப் பரிசோதனை செய்தார். "நீலத்தை மட்டும் நம்பக் கூடாது. உள்ளே இருக்கிற அழற்சியைக் குறைக்கத் தினமும் எடுக்கிற இன்ஹேலர் வேணும்" என்று எழுதிக் கொடுத்தார். நான் கொடுக்கும் மருந்துகளையும் அவருக்குத் தெரியப்படுத்தினேன். இப்போது இரண்டும் ஒரே அலமாரியில், எல்லோருக்கும் தெரியும்படி இருக்கின்றன.

குளிர் நாட்டுக்குப் போகிறீர்களா?

* கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே இரைப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, இருதயம் ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஃப்ளூ தடுப்பூசி பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.

* மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள். மருந்தின் மூலப்பெயர் எழுதிய சீட்டும் வேண்டும்.

* பயண இன்ஷூரன்ஸில் ஏற்கனவே உள்ள நோய்க்கும் பணம் கிடைக்குமா என்று பார்த்து வாங்குங்கள்.

* வெளியே போகும்போது மூக்கையும் வாயையும் மப்ளரால் மூடுங்கள். மூக்கால் மூச்சு விடுங்கள். வேக நடை வேண்டாம்.

* தாகம் இல்லாவிட்டாலும் வெந்நீர் குடியுங்கள். தோல் வறட்சிக்கு இரவில் தேங்காய் எண்ணெய் போதும்.

* இன்ஹேலர் போட்டும் இழுப்பு அடங்காவிட்டால், பேச முடியாவிட்டால், உதடு நீலமானால் காத்திருக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அவசர உதவிக்கு 112.

கடைசியாக ஒன்று. உங்கள் துணைவர் என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று உங்களுக்கு முழுசாகத் தெரியுமா? தெரியும் என்றுதான் நானும் நினைத்தேன். இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கோபப்படாமல் கேளுங்கள்!