பட்டமும் குற்றமும்

ஊரில் ஒரு பொருள் காணாமற் போகிறது. எடுத்தவர் யாரென்று ஆராயுமுன்பே நம் விரல் ஒரு தெருவை நோக்கி நீளுகிறது. குற்றத்தைக் கண்டபின் குற்றவாளியைத் தேடுவது முறை. பெயரை வைத்துக்கொண்டு குற்றத்தைத் தேடுவது முறையாகுமா?

1871-இல் ஆங்கில அரசு வட இந்தியாவிற்கென இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. சில வகுப்பினர் பிறவியிலேயே குற்றவாளிகள் என்பது அதன் துணிபு. பதிவு பெற்றவர்கள் கைரேகை வைக்கவேண்டும். இரவில் காவலர் கண்பார்வையில் உறங்கவேண்டும். வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும். உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-இல் துப்பாக்கிச் சூடு நடந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

விளைவு என்ன? இரவில் வயலுக்கு நீர் பாய்ச்சப் போக இயலாதவன் எவ்வாறு பயிர் செய்வான்? சீட்டின்றிச் சந்தைக்குப் போகக்கூடாதவனுக்கு யார் வேலை தருவார்? நேர்வழி அடைபட்டால் குறுக்குவழியே எஞ்சும். அதில் ஒருவன் கால் வைத்தாலும், "நாம் சொன்னது சரியாயிற்று" என்று ஊர் கூறும். அமெரிக்க அறிஞர்கள் ஃபிராங்க் டானன்பாம் 1938-இலும் ஹோவர்ட் பெக்கர் 1963-இலும் தத்தம் நூல்களில் விளக்கியதும் இதுவே: சமூகம் சூட்டும் பட்டமும் குற்றவாளியை உருவாக்குகிறது.

இச்சட்டம் நம் மாகாணத்தில் 1947-இலும், நாடெங்கும் 1952-இலும் நீங்கிற்று. அம்மக்கள் இன்று சீர்மரபினர் எனப்படுகின்றனர். ஆயினும் மனப்பான்மை முற்றும் நீங்கவில்லை. சென்னையின் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டோர் 2000-ஆம் ஆண்டு முதல் துரைப்பாக்கத்தை அடுத்த கண்ணகி நகரில் குடியமர்த்தப்பட்டனர். தியாகராய நகர்க் கடையிலோ அடையாற்று இல்லத்திலோ வேலை கேட்கும் அவ்வூர் இளைஞர் தம் முகவரியைக் கூறத் தயங்கும் நிலை ஏற்பட்டது. அதே கண்ணகி நகரின் கார்த்திகா 2025-இல் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியக் கபடி அணியுடன் தங்கம் வென்று திரும்பினார். முகவரி மாறவில்லை, வாய்ப்புக் கிடைத்தது.

ஊராட்சித் தலைவர்களும் ஆசிரியர்களும் செய்யத்தக்கவை மூன்று. தெருவை வைத்து எவரையும் ஐயுறலாகாது. தவறிய சிறுவனின் செயலைக் கண்டிக்கலாம். அவனைத் "திருடன்" என்று அழைத்தலாகாது. தண்டனை முடிந்து ஊர் திரும்பியவனுக்கு முதல் நாளே ஒரு வேலை காட்டவேண்டும். பழைய பெயரால் அழைத்துக்கொண்டே புதிய வாழ்வை எதிர்பார்ப்பது அறிவுடைமையன்று.