துணியில் விரிந்த வானம்

வங்கத்துச் சுப்ரதா மித்ரா 1930ஆம் ஆண்டில் பிறந்தவர். நிழற்படக் கலையில் பழகியவர். திரைப்படக் கருவியை இயக்கியறியாதவர். எனினும் 1952இல் சத்யஜித் ராய் அவ்விளைஞரையே ‘பதேர் பாஞ்சாலி’க்கு ஒளிப்பதிவாளராக்கினார்.

1956இல் வெளிவந்த ‘அபராஜிதோ’வுக்குக் காசி நகரத்து வீட்டு முற்றம் வேண்டியிருந்தது. மழைக்கு அஞ்சி, அதனைக் கல்கத்தாப் படநிலையத்துள்ளே அமைத்தனர். மெய்யான முற்றத்தில் வானொளி மேலிருந்து மெல்லப் பரவும். கூரிய நிழல் விழாது. விளக்கொளியை நேரே பாய்ச்சினாலோ, சுவரெங்கும் நிழல்கள் தோன்றிப் பொய்ம்மையைக் காட்டிவிடும். இதனை உணர்ந்த மித்ரா, முற்றத்தின்மேல் வெண்துணியை விரித்துக் கட்டினார். கீழிருந்து விளக்கொளியை அதன்மீது பாய்ச்சினார். துணியிற் பட்டு மீண்ட ஒளி, பகலொளிபோல் மென்மையாகப் பரவியது.

ஒளியை மிகுதியாக்குவது படக்கலை ஆகாது. நிழலின் இயல்பறிந்து ஒளியை ஆளுதலே அக்கலையின் உயிர்நிலை.