35 என்று எழுதிவிட்டால் முடிந்துவிட்டதா?

எங்கள் பக்கத்துக் காலனியில் ஒரு அக்கா. சிறுவயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. நடவுக்குப் போனால் உச்சிப்பொழுதுக்கு மேல் சேற்றில் நிற்க முடியாது, அதனால் அரைக்கூலிதான். மருத்துவ முகாமில் "நடந்து காட்டும்மா" என்றார்கள். நாலு எட்டு நடந்தார். 35 சதவீதம் என்று எழுதிவிட்டார்கள். "டாக்டரே எழுதிட்டாரு, இனி யாருகிட்ட போறது?" என்று சான்றிதழை டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்.

அரசு வேலையில் 4 சதவீதம், உயர்கல்வியில் 5 சதவீதம் என்று சட்டம் தரும் இட ஒதுக்கீட்டுக்கு 40 சதவீத ஊனம் வேண்டும். ஐந்து புள்ளி குறைந்தால் அந்த வாசல் அடைபடும். அக்காவுக்கு இனி வேலையோ படிப்போ இல்லை என்பீர்கள். கல்லூரி வாசலில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கும் இதே அளவுகோல்தானே?

போக இடம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 59: சான்றளித்தவரின் முடிவில் குறையிருந்தால் மாநில அரசு நியமித்த மேல்முறையீட்டு அலுவலரிடம் முறையிடலாம். சலுகைக்காகக் கெஞ்சுவதல்ல இது, சட்டம் தந்த உரிமை.

முறையிட்டு என்ன ஆகப்போகிறது என்பவர்களுக்கு இங்கிலாந்துக் கணக்கு ஒன்று. அங்கே 'பிப்' என்றொரு ஊன உதவித்தொகை 2013 முதல் இருக்கிறது. மறுக்கப்பட்டவர்கள் முதலில் துறையிடமே மறுபரிசீலனை கேட்க வேண்டும். அங்கும் நடக்காவிட்டால் தீர்ப்பாயம். கட்டணம் கிடையாது. நீதிபதி, மருத்துவர், ஊனத்தைப் பற்றி அனுபவமுள்ள ஒருவர் என மூவர் விசாரிக்கிறார்கள். விசாரணைவரை போன பத்துப் பேரில் ஏறக்குறைய ஏழு பேர் ஜெயிக்கிறார்கள். அதாவது முதல் முடிவு அத்தனை பேருக்குத் தப்பாக இருந்திருக்கிறது! சலித்துப்போய்ப் பாதியில் விட்டவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

அங்கே "நடக்க முடியுமா?" என்பதோடு கேள்வி நிற்பதில்லை. ஆபத்தில்லாமல் முடியுமா, திரும்பத் திரும்ப முடியுமா, நியாயமான நேரத்துக்குள் முடியுமா என்றும் பார்க்க வேண்டும். நாலு எட்டு நடந்த அக்காவிடம் யாரும் இதைக் கேட்கவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.21 சதவீதம், பட்டியல் சாதியினரிடையே 2.45. உடலுழைப்பே மூலதனமான சனத்திடம்தான் கூடுதல். ஆனால் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு மாவட்டத் தலைநகருக்கு இரண்டு பஸ் மாறிப் போவது நமக்குச் சின்ன விஷயமல்ல. முறையீடு பாதியிலேயே நிற்பது பெரும்பாலும் இதனால்தான், சோம்பலால் அல்ல.

சான்றிதழ் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய சிகிச்சைச் சீட்டு, எக்ஸ்ரே எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஒரு நாளில் எந்த வேலை, எவ்வளவு நேரத்துக்குப் பிறகு முடியாமல் போகிறது என்று தேதி போட்டுக் குறித்து வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் படிக்கிற பிள்ளைகள் எழுதித் தரட்டும். முறையிடக் காலக்கெடு உண்டு என்பதால் தள்ளிப்போடாமல் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் கேளுங்கள். மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டில்லாமல் திரும்பாதீர்கள்.

அக்காவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தாயிற்று. பத்தாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள்தான் மனு எழுதிக்கொண்டிருக்கிறாள். வரும் திங்களன்று கூடவே நாங்களும் பஸ் ஏறுகிறோம்.